கையை வச்சு மறைச்சா விட்ருங்க மதினி

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில இருந்து எழுதுதேன். வயசு 63. அங்கன்வாடியில 30 வருசத்துக்கு மேல வேலை பாத்து 2022ல ரிட்டயர் ஆனவ. கல்யாணம் ஆன நாள்ல இருந்து வீட்ல உங்க பேப்பர்தான், ஆனா கடுதாசின்னு எழுதுறது இதான் மொத தடவை, தப்பு இருந்தா திருத்திக்கோங்க, ரெம்ப வெட்டிராதீங்க. போன்லதான் டைப் பண்ணுதேன். பேசுனா தானா எழுதும்னு பேரன் ஒண்ணு காமிச்சுக் குடுத்தான், அது நான் சோறுன்னு சொன்னா ஜோருன்னு எழுதுது, அதனால ஒத்த வெரலால தட்டிக்கிட்டு இருக்கேன்.

விசயம் என்னன்னா போன ஞாயித்துக்கிழமை எடை குறைக்கிறத பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. முன்னால ஒரு போட்டோ பின்னால ஒரு போட்டோ, அந்தப் பிள்ளைக்கு மிஞ்சிப் போனா 28 வயசு இருக்கும். அதுக்குக் கீழயே பவுடர் விளம்பரம், 30 நாள்ல 10 கிலோவாம். 60 தாண்டுன பொம்பளைக்கு அந்தப் பக்கத்துல ஒரு வரி கிடையாது. நான் மூணு வருசமா இழுத்துப் பிடிச்சு 81 கிலோவுல இருந்து 68½க்கு வந்திருக்கேன். பசியக்கூட அடக்கிட்டேன் ஐயா, ஊர் வாயத்தான் அடக்க முடியல, அதச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

போன மாசம் டவுன்ல சொந்தத்துல ஒரு கல்யாணம். மண்டபத்து வாசல்ல சந்தனம் குங்குமம் எடுக்கல, அதுக்குள்ள ஒரு பெரியம்மா ரெண்டு கன்னத்தையும் பிடிச்சுக்கிட்டு "என்னளா இப்படி ஒடுங்கிட்ட, எதும் சீக்கா"ன்னு கேக்காக. சத்தமா. நாலு பேரு திரும்பிப் பாத்தாச்சு. இல்ல பெரியம்மா நானாத்தான் குறைச்சேன்னு சொன்னா நம்பணும்லா, "மறைக்காத, சுகர் கூடிட்டோ"ன்னு அடுத்த கேள்வி, அதுவும் இல்லன்னதும் எனக்குப் பின்னால நின்ன என் மருமகள ஏற எறங்கப் பாத்தாக பாருங்க ஒரு பார்வை, அந்தப் பிள்ளை மூஞ்சி செத்துப் போச்சு. மாமியாருக்கு சோறு போடலன்னு அர்த்தம். அவ எனக்காக ராத்திரி தனியா பயறு அவிச்சு வைக்கிறவ, அவளுக்கு இந்தப் பேரு.

மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு. நம்ம பக்கத்துல மறுவீடுன்னா சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ், அதுல எனக்கு உசுரு. சொதிய நான் விடல, விடவும் மாட்டேன். ஒரு தடவை சோறு வாங்குனேன், சொதி ஊத்துனாக, சாப்பிட்டேன், போதும்னு இலைக்கு மேல கையை வச்சு மறைச்சேன். எங்க மதினி வாளியோட வந்தாக. "எடு கைய"ன்னாக. போதும் மதினின்னேன். "எங்க கையால வாங்கி சாப்பிடாத அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியோ"ன்னுக்கிட்டே ஒரு கரண்டி சோறு என் பொறங்கை மேலயே விழுந்துச்சு. அதுக்கு மேல சொதி. சூடா தேங்காப்பால் வெரலிடுக்குல வழிஞ்சு மணிக்கட்டுக்கு வருது, வளையலுக்குள்ள ஒரு முருங்கைக்கா கிடக்கு. எல்லாரும் சிரிச்சாக, நானும் சிரிச்சேன், வேற என்ன செய்ய. சாப்பிட்டேன். மிச்சம் வச்சா மரியாதை இல்லலா.

இவுக மேல எனக்குக் கோவம் இல்ல, அது பிரியம்தான், தெரியும். ஏன் இப்படின்னு யோசிச்சுக்கிட்டே இருக்கும்போது ஒண்ணு பிடிபட்டுச்சு. நம்ம பேச்சையே எடுத்துக்கோங்க. ஒரு ஆளு சதை போட்டா என்ன சொல்லுதோம், "தேறிட்டா", "பூசுனாப்ல இருக்கா", "கண்ணுக்கு லெட்சணமா இருக்கா". குறைஞ்சா? வாடிட்டா, ஒடுங்கிட்டா, உருகிட்டா, கன்னம் ஒட்டிப் போச்சு, எலும்பும் தோலுமா ஆயிட்டா. காசநோய்க்கே நம்ம ஆளுக வச்ச பழைய பேரு எலும்புருக்கி நோய்தான. அப்ப இளைச்சவளப் பாத்தா பயம் வரத்தான செய்யும். எங்கம்மாவோட அக்கா அப்படித்தான் இருமி இருமி போய்ச் சேந்தாக, நான் பாவாடை கட்டுற வயசு, சாகும்போது அவுகளத் தூக்குனா தலகாணி கனம்தான் இருந்துச்சுன்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா. அந்தப் பயத்துல வளந்த தலைமுறைக்கு இளைக்கிறது ஒரு நல்ல காரியம்னு தலையில ஏறாது.

நானே அந்தத் 'தேறு'ங்கிற வார்த்தைய வச்சுத்தான் சம்பளம் வாங்குனேன். அங்கன்வாடியில மாசா மாசம் பிள்ளைகளுக்கு எடை எடுப்போம். உத்தரத்துல கயித்தக் கட்டி அதுல தராசைத் தொங்க விட்டு பிள்ளைய ஊஞ்சல் மாதிரி உக்கார வச்சா அது காலை உதைச்சுக்கிட்டு அழும், முள்ளு ஆடிக்கிட்டே இருக்கும், அது நிக்கிற ஒரு நொடியில பாத்து வளர்ச்சி அட்டையில புள்ளி வைக்கணும். பச்சையில விழுந்தா நிம்மதி, மஞ்சள்னா கவலை, ஆரஞ்சுன்னா அந்தத் தாய வரச் சொல்லணும். "பிள்ளை தேறல, சத்துமாவு ஒழுங்காக் குடு, முட்டைய உரிச்சு முழுசாக் குடு"ன்னு எத்தன ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். கர்ப்பிணிகளுக்குன்னு நிக்கிற தராசு ஒண்ணும் அங்கனயே கிடந்துச்சு. நான் அதைத் தூக்கி ஓரமா வைக்கத் தொட்டதோட சரி, ஒரு நாளும் ஏறுனது கிடையாது. ஏறணும்னு தோணவே இல்ல. ஊருப் பிள்ளைக எடையெல்லாம் நோட்டுல இருக்கு, டீச்சரு எடை எந்த நோட்டுலயும் இல்ல.

ரிட்டயர் ஆகி ஒரு மாசத்துல முட்டிவலின்னு டாக்டரப் பாக்கப் போனேன். அங்கதான் தராசுல ஏத்துனாக, 81. என் உயரம் 152 சென்டிமீட்டர். உயரத்துக்கு எடை சரியான்னு பாக்குற பி.எம்.ஐ. கணக்குல 35ன்னாக. நம்ம நாட்டு ஆளுகளுக்கு 23க்கு மேல போனாலே அதிக எடை, 25க்கு மேல உடல் பருமன்னு கணக்காம். இடுப்பு அளவு பொம்பளைக்கு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்னுட்டு டேப்ப எடுத்தாக, 104. ரத்தம் எடுத்துப் பாத்ததுல மூணு மாச சராசரி சுகர் 8.1, அது 6.5 வந்தாலே சர்க்கரை வியாதி. முட்டிக்குன்னு போனவ சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரைன்னு பையோட வந்தேன். வீட்டுக்காரவுக ஒண்ணும் சொல்லல. அவுகளுக்கு எவ்வளவு தின்னாலும் ஒட்டாது, கம்பு மாதிரி இருப்பாக, அவுககூட எல்லாம் பேசிப் பிரயோசனம் இல்ல.

எப்படி 81 ஆச்சுன்னு கேட்டா பெருசா ரகசியம் ஒண்ணும் இல்ல. நான் எங்க வீட்டு மிச்ச டப்பா. பேரன் வச்ச அரை தோசை, சட்டியில ஒட்டுன கறி, காலையில மீந்த உப்புமா, கீழ கொட்ட மனசு வராது, நின்னுக்கிட்டே வாயில போட்டுக்குவேன். அது சாப்பாட்டுக் கணக்குலயே வராது. பொறவு உக்காந்து தனியா என் சாப்பாடு. ஒரு நாளைக்கு அஞ்சு காப்பி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்பூன் சீனி. எண்ணெய்க் கணக்க டாக்டர் கேட்டாக, நாலு பேரு இருக்குற வீட்ல மாசம் அஞ்சு லிட்டர்னேன், ஆளுக்கு அரை லிட்டர் போதும்மா, ரெண்டு போதும்னாக. நம்ம ஊர்ல வடை சுடாம ஒரு வெள்ளிக்கிழமை போகுமா, இட்லிப் பொடிக்கே நல்லெண்ணெயக் குழி வெட்டி ஊத்துற ஆளுகளாச்சே.

நான் செஞ்ச பெரிய தப்பையும் எழுதிருதேன், ஏன்னா இதுதான் 28 வயசுக்காரிக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம். மொத ரெண்டு மாசம் வீராப்புல சோத்த அடியோட நிறுத்திட்டு வெள்ளரிக்காயும் மோரும்னு ஓட்டுனேன். அஞ்சு கிலோ எறங்கிருச்சு. எனக்கு ஒரே பெருமை. ஆனா தரையில உக்காந்து கீரை ஆஞ்சுட்டு எந்திரிக்கப் போனா எந்திரிக்க முடியல, நிலைய பிடிச்சுக்கிட்டு நிக்கேன், தொடை வெடவெடன்னு ஆடுது, தலைமுடி கொத்துக் கொத்தா வருது. தங்கச்சி மக ஒருத்தி நர்ஸா இருக்கா, அவ வந்து பாத்துட்டுத் திட்டுனா. வயசாக ஆக சும்மா இருந்தாலே தசை கரையுமாம் பெரியம்மா, நீங்க பட்டினி கிடந்து கொழுப்போட சேத்து அதையும் கரைச்சுட்டீங்க, நாளைக்கு பாத்ரூம்ல வழுக்குனா தாங்கிப் பிடிக்க காலு இருக்காதுன்னா. அப்பதான் உறைச்சுது. தராசு கொழுப்பையும் தசையையும் பிரிச்சுச் சொல்லாது, ரெண்டையும் ஒரே முள்ளுதான் காட்டுது.

அதுக்கப்புறம் கிட்னி டெஸ்ட் பாத்து நல்லா இருக்குன்னு ஆனதும் நாளைக்கு 60 கிராம் புரதம்னு கணக்கு வச்சுக்கிட்டேன். ஒரு முட்டையில 6 கிராம். ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் முட்டை உரிச்சுக் குடுத்த கை, வீட்ல எனக்குன்னு ஒரு முட்டை அவிச்சது கிடையாது, யோசிச்சுப் பாருங்க. இப்ப காலையில முட்டை, மத்தியானம் சாளை மீனு கொழம்போ பருப்போ, ராத்திரி அவிச்ச பயறோ கடலையோ. நம்ம உளுந்தம்பருப்புச் சோறு இருக்கே, கருப்பு உளுந்து தொலியோட போட்டு, எள்ளுத் துவையல், அவியலோட, அத விட வேண்டிய அவசியமே இல்ல, அரிசியக் குறைச்சு உளுந்தக் கூட்டிப் போட்டா போதும். அரிசிய உழக்குல அளந்துதான் போடுதேன் இப்ப, கண்ணளவே கிடையாது. காய்க்கு மகராஜநகர் உழவர் சந்தை, தடியங்காய், சீனியவரைக்கா, புடலங்கா, சுரைக்கான்னு தட்டுல பாதி அதுதான். அதோட நாற்காலியில கையை ஊனாம எந்திரிச்சு உக்காந்து எந்திரிச்சு உக்காருறது, காலையில பத்து சாயந்திரம் பத்து. மொத வாரம் மூணுலயே மூச்சு வாங்குச்சு.

சிறுதானியம் பத்தியும் சொல்லணும். 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு ஐ.நா. அறிவிச்சாலும் அறிவிச்சாக, ஊரெல்லாம் கம்பு தோசை, குதிரைவாலிப் பொங்கல், தினை லட்டு. நல்லதுதான், நார்ச்சத்து கூட, இல்லங்கல. ஆனா சிறுதானியம்னா எவ்வளவு வேணாலும் திங்கலாம்னு நெனச்சு நாலு கம்பு தோசை தின்னுக்கிட்டு இருந்தேன், எடை அசையவே இல்ல. கம்பானாலும் அரிசியானாலும் 100 கிராமுக்கு 350 கலோரி பக்கம்தான் வருதுன்னு பொறவுதான் தெரிஞ்சுது. கருப்பட்டிக் கதையும் அதேதான். உடன்குடிக் கருப்பட்டி போட்டா சுகர் ஏறாதுன்னு ஊர்ல எல்லாரும் சொல்லுவாக, நானும் அதை டாக்டர்கிட்ட சொன்னேன், அவுக சிரிச்ச சிரிப்புல எனக்கு வெக்கமாப் போச்சு.

இன்னொரு விசயம், மாத்திரை போடுற எல்லாரும் கேட்டுக்கோங்க. சாப்பாட்டக் குறைச்சேன், மாத்திரையக் குறைக்கல. ஒரு நாள் பதினோரு மணி இருக்கும், பாளை மார்க்கெட்ல வாழைத்தண்டு வாங்கிக்கிட்டு நிக்கேன், கை நடுங்குது, வேர்வை ஊத்துது, கண்ணு முன்னால பூச்சி பறக்குது. சுகர் கூடிருச்சுன்னுதான் நெனச்சேன். வெத்தலைக் கடைக்கார அண்ணாச்சி ஒருத்தர் பாத்துட்டு ஸ்டூலைப் போட்டு உக்கார வச்சு நன்னாரி சர்பத் ஒரு கிளாஸ் குடுத்தாரு, அஞ்சு நிமிசத்துல கண்ணு தெளிஞ்சுது. துட்டு வாங்கல அவரு. மறுநாள் டாக்டர்கிட்ட போனா, சாப்பாடு குறைஞ்சு எடையும் எறங்கும்போது இந்த மாத்திரை சுகரை ரெம்ப எறக்கிரும், முன்னாடியே வந்திருக்கணும்லான்னு அளவப் பாதியாக்கிட்டாக. அதனால யாராவது குறைக்க ஆரம்பிச்சா மொத வேலையா மாத்திரைச் சீட்டோட டாக்டரப் பாருங்க. நீங்களா நிறுத்தவும் செய்யாதீங்க. எனக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து குடுத்து பிரஷரும் பாத்துட்டுப் போவா ஒரு பிள்ளை, அவகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், மயக்கம் கியக்கம்னா மொதல்ல அவளுக்குத்தான் போன்.

நடக்குறத பத்தி நெறைய எழுதலாம், சுருக்கிச் சொல்லுதேன். வெள்ளன அஞ்சரைக்குக் கெளம்பிருவேன், அதுக்கு மேல போனா நம்ம ஊரு வெயில் தெரியும்லா. ஆரம்பத்துல தெரு முக்கு வரைக்கும், இப்ப வ.உ.சி. மைதானம் போய் சுத்திட்டு வாரேன். வாரத்துக்கு 150 நிமிசம் வேகமா நடந்தா போதும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, அதாவது வாரத்துல அஞ்சு நாள், நாளைக்கு அரை மணி. மகன் பெங்களூர்ல இருந்து ஒரு வாட்ச் அனுப்பியிருந்தான், பத்தாயிரம் அடி ஆகலன்னா அது உர்ர்னு உர்ர்னு கையில துடிக்கும், எனக்கு அத நெனச்சே பிரஷர் ஏறும். அந்தப் பத்தாயிரம் கணக்கே 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணுற மீட்டருக்கு வச்ச பேர்ல இருந்து வந்ததாம், எந்த டாக்டரும் எழுதிக் குடுத்தது இல்லயாம், இதத் தெரிஞ்ச அன்னைக்கே கழட்டி பேரன்கிட்ட குடுத்துட்டேன்.

கஷ்டம் எங்கன்னா ரோட்டுல. நாயி. எங்க தெருவுல பாதி லைட்டு எரியாது, யார்கிட்ட சொன்னாலும் பாக்கோம்னு சொல்லுதாக. 2023 நவம்பர்ல 'நடப்போம் நலம் பெறுவோம்'னு மாவட்டத்துக்கு ஒண்ணா 8 கிலோமீட்டர் நடைபாதை கொண்டு வந்தாக, நல்ல திட்டம், இளவட்டங்களுக்கு. முட்டி தேஞ்ச ஆச்சிக்கு 8 கிலோமீட்டர்ங்கிறது திருச்செந்தூர் பாதயாத்திரை மாதிரி. எங்களுக்கு வேண்டியது அரை கிலோமீட்டர், அதுல ஒழுங்கா எரியுற லைட்டு, நடுவுல ரெண்டு இடத்துல சிமெண்ட் பெஞ்சு. பெஞ்சு இருக்குன்னு தெரிஞ்சா நடக்கத் தைரியம் வரும், உக்காரலன்னாலும்.

அப்புறம் வழுக்கவும் செஞ்சேன், அதையும் மறைக்கல. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் யாருக்கு மறக்கும். தாமிரபரணி வண்ணாரப்பேட்டை, சிந்துபூந்துறையெல்லாம் புகுந்த நேரம். கரண்டு இல்ல, காய் இல்ல, கெடச்ச பிஸ்கட்டு, பிரட்டு, முறுக்கு, யாரு என்ன குடுத்தாலும் வாங்கித் தின்னோம், அந்த நேரத்துல கலோரி பாத்தா கோட்டின்னு சொல்லுவாக. அதோட மார்கழி, பொங்கல்னு விட்டது விட்டதுதான், 72 வரைக்கும் எறங்குனவ மாசி பொறக்கும்போது 74½. தராசப் பாத்து அழுதேன், நெசமா. அங்கன்வாடியில ஒரு பிள்ளைக்கு வயித்துப்போக்கு வந்தா அட்டையில புள்ளி சடார்னு மாறும், அந்தத் தாய் அழுவா, "ஒரு புள்ளியப் பாத்து அழாத, கோட்டப் பாரு"ன்னு நாந்தான் சொல்லுவேன். அன்னைக்கு என் வாய் எனக்கே அதச் சொல்லுச்சு. அதுக்கப்புறம் பேரனோட பழைய கட்டம் போட்ட நோட்டுல எனக்கும் ஒரு அட்டை போட்டேன், வாரத்துக்கு ஒரு புள்ளி, ஞாயித்துக்கிழமை காலையில. வேலை பாத்த காலமெல்லாம் கோடு மேல ஏறணும்னு சாமி கும்பிட்டவ இப்ப கீழ எறங்கணும்னு கும்பிடுதேன். நெல்லையப்பருக்கே கொழப்பமா இருக்கும்.

அல்வா விட்டுட்டீங்களான்னு எல்லாரும் கேக்காக. திருநெல்வேலியில இருந்துக்கிட்டு அல்வாவ விட்டா அது வைராக்கியம் இல்ல, வீம்பு. வீட்டுக்காரவுக மாசத்துக்கு ஒரு தடவை சாயந்திரம் கோயிலுக்குப் போயிட்டு எதுத்தாப்ல நின்னு நூறு கிராம் சுடச்சுட வாங்குவாக, அதுல எனக்கு நெல்லிக்கா அளவு. கோதுமைப்பாலு, சீனி, நெய்யி, அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சேதான் திங்கேன். முன்ன அத வாயில போட்டதும் எறங்கிரும், இப்ப அந்த ஒரு உருண்டைய கால் மணி நேரம் திங்கேன். நெசமாச் சொன்னா இப்பதான் அதோட ருசியே தெரியுது.

இத்தனைக்கும் நான் இன்னும் குண்டுதான். பி.எம்.ஐ. 30 பக்கம் நிக்கேன், 25க்குக் கீழ போகணும்னா 57 கிலோ ஆகணும், அது இந்த சென்மத்துல நடக்காது, நடக்க வேண்டாம்னும் டாக்டரே சொல்லிட்டாக. சுகர் சராசரி 6.4 ஆயிருச்சு, பிரஷர் மாத்திரை ஒண்ணு அப்படியே ஓடுது. ஒரு கிலோ எடை எறங்குனா ஒவ்வொரு அடிக்கும் முட்டியில விழுற பாரம் நாலு கிலோ குறையுமாம், அப்ப 12½ கிலோ எறங்குன எனக்கு 50 கிலோ, 25 கிலோ அரிசிப் பை ரெண்டு. கொடை விழாவுக்கு எங்க கிராமத்துக்குப் போனப்ப பொங்கப் பானைக்கு முன்னால தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டு நிலைய பிடிக்காம எந்திரிச்சேன். யாரும் பாக்கல. நானே ரெண்டாவது தடவை உக்காந்து எந்திரிச்சுப் பாத்துக்கிட்டேன்.

இனிமே குறைச்சு என்ன ஆகப்போகுது, கடைசிக் காலத்துல வாய்க்கு ருசியாத் தின்னுட்டுப் போவோம்னு சொல்லுறவுகதான் அதிகம். நர்ஸ் பிள்ளை ஒண்ணு சொன்னா. சுகர் வர்ற மாதிரி இருக்குறவங்கள வச்சு அமெரிக்காவுல ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்து 2002ல முடிவு வந்துச்சாம், எடையில 7 சதவீதம் குறைச்சு வாரத்துக்கு 150 நிமிசம் நடக்கச் சொன்னதுல சுகர் வர்றது 58 சதவீதம் குறைஞ்சிருக்கு, அதுல 60 வயசு தாண்டுனவங்களுக்குத்தான் கூடப் பலன், 71 சதவீதம். சென்னையிலயும் இந்த மாதிரி நம்ம ஆளுகள வச்சே பாத்து 2006ல போட்டிருக்காக, அதுலயும் பலன் தெரிஞ்சிருக்கு. நாட்டுல 10 கோடிப் பேருக்கு சுகர் இருக்குன்னு 2023ல ஐ.சி.எம்.ஆர்.ங்கிற மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக் கணக்கு வந்தப்ப உங்க பேப்பர்லதான் படிச்சேன். அந்த 10 கோடியில எத்தன பேரு கையை வச்சு இலைய மறைச்சு தோத்தவுகன்னு எந்தக் கணக்குலயும் வராது.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிடுதேன். இளைச்சவளப் பாத்து விசாரிக்கிறதே தப்புன்னு நான் சொல்ல வரல. ஒரு ஆளு சாப்பாட்டக் குறைக்காம, நடக்காம கொள்ளாம தானா இளைச்சா அது பாக்க வேண்டிய விசயம்தான், சுகரா, தைராய்டா, காசநோயா, புத்து நோயா எதுவா இருந்தாலும் எடையில காட்டலாம். எங்க பக்கத்து வீட்டு அண்ணாச்சி அப்படி இளைச்சத நாந்தான் மொதல்ல பாத்து அவுக வீட்டம்மாகிட்ட சொன்னேன், நேரத்துக்குப் பாத்தாச்சு, நல்லா இருக்காரு. ஆனா அத தனியா கூப்ட்டு காதுல கேட்டேன். "நீங்களா குறைக்கிறீகளா, தானா குறையுதா"ன்னு ஒரே கேள்வி. நானாத்தான்னு பதில் வந்தா "நல்லதுளா"ன்னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிரலாம். மண்டபத்து வாசல்ல வச்சு கன்னத்தப் பிடிக்க வேண்டாம். மருமகளப் பாக்க வேண்டாம்.

ஆசிரியர் ஐயாவுக்கு ரெண்டு வேண்டுகோள். அந்தப் பவுடர் விளம்பரத்த எடை குறைக்கிற கட்டுரைக்குக் கீழயே போடாதீங்க, துட்டு வருதுன்னு தெரியும், வேற பக்கத்துல போடுங்க. எங்க தெருவுல ஒருத்தி அப்படி ஒரு பவுடர ஆறாயிரம் ரூவாய்க்கு வாங்கி ரெண்டு மாசம் கரைச்சுக் குடிச்சா, எடை எறங்குச்சு, நிறுத்துனா, திரும்ப ஏறிருச்சு, டப்பாவுல இப்ப கொத்தமல்லித்தூள் போட்டு வச்சிருக்கா. ரெண்டாவது, அடுத்த தடவை எடை குறைக்கிறத பத்திப் போட்டா எங்க வயசுல ஒரு ஆள் போட்டோ போடுங்க. முன்னால பின்னால எல்லாம் வேண்டாம். முட்டியில கையை ஊனாம எந்திரிக்கிற மாதிரி ஒண்ணு எடுத்தா போதும்.

கடுதாசிய நேத்தே அனுப்பியிருப்பேன், இடையில மதினி போன் பண்ணிட்டாக. வெள்ளிக்கிழமை வீட்ல கொழுக்கட்டை, வந்துருன்னாக. வாரேன் மதினி, ஆனா ரெண்டுதான்னேன். "அதெல்லாம் வந்து பேசிக்கிடலாம்"னுட்டு வச்சுட்டாக.

என் பேரப் போட்டுராதீங்க ஐயா, அவுகளும் உங்க பேப்பர்தான் வாங்குதாக. மதினின்னு மட்டும் இருக்கட்டும், இந்த ஊர்ல ஆளுக்கு ஒரு மதினி இருக்காக.

இப்படிக்கு
ஓய்வு பெற்ற அங்கன்வாடி பணியாளர்,
பாளையங்கோட்டை.